நாற்பது விநாடி யோசித்துவிட்டுப் பாஸ்

பாஸ். பாஸாம். நாற்பது விநாடி யோசிச்சுட்டு பாஸ். எண்ணிக்கிட்டேதான் இருந்தேன், எண்ணாம வேற என்னத்தைப் பண்றது, எதிர்ல உக்காந்திருக்கறவரு என் வீட்டுக்காரரு, இந்த ஆட்டத்துல என் ஜோடியும் அவருதான், பதிமூணு சீட்டையும் விசிறி மாதிரி விரிச்சு மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு உலகமே இடிஞ்சு விழற மாதிரி யோசிக்கறாரு. பிரிட்ஜ் ஆட்டத்துல ஏலம் கேக்கறப்ப வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டி நிறைய அட்டை, பச்சைன்னா பாஸ், சிவப்புன்னா டபுள், பந்தயத்தை ரெட்டிப்பாக்கறது, அதுல ஒண்ணை எடுத்து மேசைமேல வெக்கணும், அவ்வளவுதான் வேலை. இவரு கை பெட்டிக்குப் போச்சு. சிவப்பு அட்டைமேல ரெண்டு விரல் பட்டுச்சு. நான் பார்த்தேன். நான் மட்டுமா பார்த்தேன், எனக்கு வலது பக்கம் டாக்டர் பிரபுதாஸ் பார்த்தாரு, இடது பக்கம் அவரோட ஜோடி எஸ்தரம்மா பார்த்தாங்க. அப்புறம் விரல் பின்னால வந்துச்சு. மூக்கைச் சொறிஞ்சுது. கண்ணாடியை ஏத்தி விட்டுச்சு. மறுபடி போயி பச்சையை எடுத்து, என்னமோ பொறந்ததுல இருந்தே பாஸ்தான் நினைச்சிருந்த மாதிரி, அலுங்காம மேசைமேல வெச்சுது. டாக்டரும் தன் பச்சையை வெச்சுட்டாரு. இப்ப என் முறை. நான் பாஸ்னா ஏலம் முடிஞ்சுது, ஆர்ட்டினைத் துருப்பா வெச்சு பத்துச் சுத்து ஜெயிக்கறேன்னு எஸ்தரம்மா கேட்ட நாலு ஆர்ட்டின் அவங்களுக்கு. இவரு இப்ப மேல ஓடற மின்விசிறியைப் பார்த்துக்கிட்டு இருக்காரு, சுத்தமான கை, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்கற முகம், அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வருது.

டாக்டர்மேல எனக்குக் கோவம் இல்ல. போன வருஷம் இருந்துச்சு. போன வருஷம் இதே ஹால்ல, இதே மாவட்டப் போட்டியில, இதே மனுஷன் சீட்டைப் பார்த்ததும் பார்க்காததுமா எடுத்த எடுப்புல நாலு கிளாவர்னு போட்டாரு. ஒண்ணுல ஆரம்பிச்சு படிப்படியா ஏறற ஏலத்தை இப்படித் தடால்னு நாலுல தொறந்தா அடுத்தவன் பேசறதுக்கு இடமேது? கிளாவர்னு கேட்டா கையில கிளாவர் இருக்கணுமா வேண்டாமா? வேண்டாமாம். அவங்க ஏற்பாட்டுல நாலு கிளாவர்னா, எங்கிட்ட ஆர்ட்டின் நீளமா கெட்டியா எட்டுச் சீட்டு இருக்கு, நீ ஆர்ட்டினுக்கு மாத்திக்கோன்னு அர்த்தம். என்ன அநியாயம் இதுன்னு அன்னைக்குக் கொதிச்சேன். நடுவர் வந்து அவங்க அச்சடிச்சு வெச்சிருக்கற தாளைக் காட்டினாரு, இந்தக் கேள்விக்கு இந்த அர்த்தம்னு நாலு பேருக்குத் தெரியற மாதிரி எழுதி மேசைமேல வெச்சிருக்காங்க மேடம், இதுல தப்பு ஒண்ணும் இல்லைங்கன்னாரு. சரிதான், ஊரறியச் சொல்லிட்டுச் சொல்ற பொய் பொய்யில்ல. அதுக்கு எதிரா நாமளும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம், யாரும் தடுக்கல. பண்ணினேன். காலண்டர் தாளைத் திருப்பி நாலே நாலு வரி எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினேன். மூணாவது வரி: அவங்க ஆர்ட்டினுக்கு மாத்தினதும் நாம டபுள் போட்டா, எங்கிட்ட பலம் இருக்கு, ஆர்ட்டின் குறைச்சல், உன் கையில எது நீளமோ அதை நீ கேளுன்னு அர்த்தம். மூணு வாரம் காலையில காபியைக் குடிச்சுக்கிட்டே அந்தத் தாளுக்கு நேரா நின்னாரு. மனப்பாடமாச்சுங்களான்னு கேட்டேன், ஆச்சு ஆச்சுன்னாரு. இன்னைக்கு டாக்டரு மறுபடி நாலு கிளாவர் போட்டாரு. இப்படித் தாண்டிக் கேட்டா அடுத்து உக்காந்திருக்கறவங்க கையில என்ன இருந்தாலும் சரி, ஒண்ணுமே இல்லாட்டியும் சரி, பத்து விநாடி பேசாம இருந்துட்டுத்தான் அட்டை எடுக்கணும், அந்தத் தாமதத்துல யாருக்கும் எதுவும் தெரியக் கூடாதுன்னு சட்டம். நான் இருந்தேன். பத்து எண்ணிட்டு முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டு பாஸ் போட்டேன். எஸ்தரம்மா எழுதி வெச்ச மாதிரியே நாலு ஆர்ட்டின் போட்டாங்க. அதோட இவரு முறை வந்துச்சு, பொழுதும் விடிஞ்சுது.

என் கையில என்ன இருக்கு? இஸ்பேட் அஞ்சு, ராஜா ராணி பத்து எட்டு அஞ்சு. ஆர்ட்டின்ல ஒத்தை மூணு. டைமன் நாலு, ஏஸும் ஒம்போதும் ஆறும் ரெண்டும். கிளாவர்ல மூணு குப்பை. இதை மட்டும் வெச்சுக்கிட்டு நாலு இஸ்பேட்னு ஏறினா எதிராளி டபுள் போட்டுத் தோலை உரிச்சுடுவான், எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடத்துலயும் இது பாஸ் போடற கைதான். ஆனா எதிர்ல இருக்கறவரு நாற்பது விநாடி யோசிச்சிருக்காரு. வெறும் குப்பையை வெச்சுக்கிட்டு யாரும் நாற்பது விநாடி யோசிக்க மாட்டாங்க. சிவப்பு அட்டையைத் தொட்டுப் பார்க்க மாட்டாங்க. அப்ப அவருகிட்ட பலம் இருக்கு, இஸ்பேட் துணையும் இருக்கு, நான் நாலு இஸ்பேட் போட்டா ஆட்டம் நம்முளுது, எனக்குச் சத்தியமாத் தெரியும். தெரியுதுங்கறதுதான் எனக்கு எரிச்சலே. ஏன்னா தெரியக் கூடாது. ஜோடி தயங்கினதுல இருந்து நீ எதைத் தெரிஞ்சுக்கிட்டாலும் அதை உபயோகிக்கக் கூடாது, அவரு வெச்ச அட்டை மட்டும்தான் உனக்குக் கேட்டது, அவரு மூக்கு கண்ணாடி பெருமூச்சு எதுவும் உனக்குக் கேக்கல. மீறி ஏறினா டாக்டர் நடுவரைக் கூப்பிடுவாரு, கூப்பிடணும், நானா இருந்தாலும் கூப்பிடுவேன். நடுவர் என்னைத்தான் கேப்பாரு. ஆட்டத்தை ரத்து பண்ணிட்டு என் பேர்லதான் எழுதுவாரு. தயங்கினவருக்கு ஒண்ணும் கிடையாது, யோசிக்கறது குத்தமா என்ன, அவரு பாட்டுக்கு யோசிச்சாரு. அவரு யோசிச்சதைப் புரிஞ்சுக்கிட்டவளுக்குத்தான் தண்டனை. அட, இதென்ன நியாயம்னு கேட்டா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் வீட்டுல இதானே நடக்குது, இங்க மட்டும் எனக்கென்ன புதுசு.

உன் இஷ்டம். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுல இவரு சொன்னாரு. கோத்தகிரியில புதுசாத் தொறக்கற பள்ளிக்கூடம், தங்கிப் படிக்கற பிள்ளைங்க, முதல்வரா வாங்க மேடம்னு தாளாளர் வீடு தேடி வந்து கேட்டுட்டுப் போனாரு. அங்க விடுதியிலயே நான் மட்டும் தனியாக் குடியிருக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க, இல்லாட்டி அடுத்தவங்களைக் கூப்பிடணும்னாரு. அந்த ஞாயித்துக்கிழமை இதுதான், செவுத்துக் கடிகாரத்துல மணி அஞ்சாகப் போகுது. தோசையை வெச்சுட்டுக் கேட்டேன், ஏனுங்க, நான் போலாமுங்களா, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு. தோசையைப் பிய்ச்ச கை அப்படியே நின்னுச்சு. மின்விசிறியைப் பார்த்தாரு. சட்னியைப் பார்த்தாரு. தண்ணி குடிச்சாரு. ரெண்டாவது தோசை கல்லுல கருகற வாசம் வந்து நான் ஓடிப் போயி எடுத்துட்டு வந்தேன், அப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, உன் இஷ்டம் மணின்னு. மகளுக்கு ஹைதராபாத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன், நான் சொல்லி முடிக்கலை, போம்மான்னா, ஒரு விநாடி ஆகல. இவருக்கு மட்டும் அத்தனை நேரம் எதுக்கு? அத்தனை நேரத்துக்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும். மைசூருக்கு ரெண்டு வருஷப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தாங்களே பதினோரு வருஷம் முன்னால, அப்பவும் இதே மின்விசிறி, இதே யோசனை, இதே உன் இஷ்டம். யோசிச்ச யோசனையைப் பார்த்தே நான் புரிஞ்சுக்கிட்டேன், இவருக்குப் புடிக்கலைன்னு. வரலைன்னு கடுதாசி எழுதிப் போட்டேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு கல்யாணப் பந்தியில என் நாத்தனார் கேட்டாங்க, ஏன்டா தம்பி, மணியை ஏன்டா மைசூருக்கு அனுப்பலைன்னு. இலையில பாயசத்தை வழிச்சுக்கிட்டே சொல்றாரு, நான் ஒண்ணும் தடுக்கலைக்கா, உன் இஷ்டம்னுதான் சொன்னேன், அவளுக்கே போக இஷ்டமில்லன்னு. அவளுக்கே இஷ்டமில்ல! எனக்கு அடுத்த இலையில உக்காந்துக்கிட்டு! பொய்யும் இல்ல பாருங்க, அந்த வாய் உன் இஷ்டம்னுதான் சொல்லுச்சு. பாயசத்தைத் தொடாம எந்திரிச்சுப் போயி கை கழுவிட்டேன்.

இப்படியே பழகிட்டேன். அவரு பேசாததை எல்லாம் நான் கேட்டு, நானே முடிவெடுத்து, நானே பழியைச் சுமந்து. சோபாவுக்குத் துணி மாத்தறதுல இருந்து, அவரு வேலையை விட்டதுல இருந்து, மகளை எந்தக் காலேஜுல சேர்க்கறதுங்கறது வரைக்கும். நல்லா வந்தா நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினோம். கெட்டுப் போனா, நான் அப்பவே யோசிச்சேன். அப்பவே யோசிச்சேனாம்! அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு? டாக்டரு தொண்டையைக் கனைக்கறாரு. கனைக்கட்டும். நான் எத்தனை நேரம் யோசிச்சாலும் யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்ல, ஏலம் என்னோட முடியுது. ஆனா ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும், சொல்லாட்டி நானும் இவரு மாதிரிதான். மைசூருக்கு நான் போகாததுக்கு அவரு யோசனை மட்டுந்தான் காரணமா? மைசூர்ல தனி அறை, இங்கிலீஷ்ல பேசணும், முப்பது பேருக்கு முன்னால நின்னு பாடம் நடத்திக் காட்டணும், அதை நினைச்சு நான் பயப்படலையா? பயந்தேன். அவரு மின்விசிறியைப் பார்த்த அந்த நிமிஷம் எனக்குள்ள அப்பாடான்னு ஒண்ணு இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. என் பயத்தை அவரு மௌனத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு, பதினோரு வருஷமா அவரு தலையிலயே போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கேன். அவரு பாஸ் போட்டதுக்குக் கோவப்படறவ, என் கையை நான் என்னைக்காவது தனியா எடுத்துப் பார்த்தேனா? இந்தச் சட்டம் அதைத்தான் சொல்லுது. ஜோடி முகத்தைப் பார்க்காதே, உன் பதிமூணு சீட்டை மட்டும் பாரு, அது என்ன சொல்லுதோ அதைப் போடு. இருபத்தெட்டு வருஷம் கெமிஸ்ட்ரி, அஞ்சு வருஷம் துணை முதல்வர், முழங்கால் இன்னும் மாடி ஏறுது, குளிர் ஒத்துக்கும், பிள்ளைங்க சத்தம் புடிக்கும். பயம் இருக்கு. தனியா ஒரு ஆளுக்கு உப்புமா கிண்டணும், மலையில நாலு மணிக்கே மூட்டம் போட்டுரும், இங்க இவரு ரத்த அழுத்த மாத்திரையை எங்க வெச்சோம்னு வீடு பூரா தேடுவாரு. இருந்தாலும் கையைத் தனியாப் பார்த்தா அது போகற கை. அப்படின்னா இந்தக் கை? இதுவும் தனியாப் பார்த்தா பாஸ் போடற கை. நல்லாத்தான் இருக்கு. அங்க ஏறணும், இங்க இறங்கணும், ரெண்டுலயும் அவரு மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. பெட்டியில கை வெச்சேன். அவரு சட்டுனு மின்விசிறியை விட்டுட்டு என் விரலைப் பார்த்தாரு, கண்ணுல அப்படி ஒரு எதிர்பார்ப்பு, ஏறு மணி, ஏறிடு மணின்னு. பச்சை அட்டையை எடுத்து வெச்சேன்.

எஸ்தரம்மா பதிமூணு சுத்துல பத்தைச் சுலபமா எடுத்தாங்க, அவங்களுக்கு வேண்டியதே பத்துதான். நமக்கு மூணு. இவரு சீட்டு ஒண்ணொண்ணா விழ விழ எனக்குள்ள கூட்டிக்கிட்டே வந்தேன். இஸ்பேட் ஏஸ். டைமன் ராஜா. கிளாவர் ஏஸ். அப்புறம் இஸ்பேட் குலாம், டைமன் ராணி. இஸ்பேட் மட்டும் நாலு, ஆர்ட்டின் ரெண்டே ரெண்டு. ஃப்ரிட்ஜ் கதவு மூணாவது வரியை அச்சுல வார்த்த கை. நாலு இஸ்பேட் கண்ணை மூடிக்கிட்டு ஜெயிச்சிருக்கலாம். டாக்டர் சீட்டை உறையில போட்டுட்டு என்னைப் பார்த்து, "ரொம்ப நேர்மையா ஆடினீங்கம்மா" அப்படின்னாரு. இவருக்கு அது புரியல. மேசைக்குக் குறுக்கால குனிஞ்சு, குரலைத் தாழ்த்தி, "ஏன் மணி பாஸ் போட்டே? நான் அத்தனை நேரம் யோசிச்சனே, நீ புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்" அப்படின்னாரு.

"டபுள் போடறதுக்கு என்னங்க?"

"போட்டு, நீ எக்கச்சக்கமா எங்கயாச்சும் மாட்டிக்கிட்டீன்னா? அப்புறம் நான்தானே காரணம்னு ஆயிரும். அதான் உன் முடிவுக்கு விட்டேன்."

அதான். என்ன ஒரு வெள்ளந்தி மனசு, முழுசா சொல்லிட்டாரு, சொன்னது என்னன்னு அவருக்கே தெரியல. டீ இடைவேளைக்கு மணி அடிச்சாங்க. நான் எந்திரிச்சு நேரா நடுவர் மேசைக்குப் போனேன், ஆட்டத்துக்கு முன்னால எல்லாரும் போனை அங்கதான் குடுத்து வெக்கணும். ரெண்டு நிமிஷம் பேசிட்டுத் தர்றேனுங்கன்னு சொல்லி வாங்கிக்கிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.  தாளாளர் எடுத்தாரு. "வணக்கமுங்க, மரகதமணி பேசறேன். வர்றேனுங்க. ஜூன் ஒண்ணாம் தேதி வந்துடறேன்." அவ்வளவுதான், சொல்லி முடிக்கறதுக்குப் பத்து விநாடி கூட ஆகல, நான் இத்தனை வருஷம் இதுக்கா அப்படிப் பயந்தேன்னு இருந்துச்சு. திரும்பினா பின்னால இவரு, ரெண்டு கையிலயும் டீ. எனக்குச் சக்கரை போடாம, பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வந்திருக்காரு.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே மணி."

"கேட்டேனே. உன் இஷ்டம்னு சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா யோசிச்சுத்தானே சொன்னேன். நான் எதுக்கு யோசிக்கறேன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீயைத் தட்டி விட்டிருப்பேன், பக்கத்துல நாலு பேரு பிஸ்கட்டோட நிக்கறாங்கன்னு விட்டேன். "எனக்குத் தெரிய வேண்டாமுங்க. போதும், நான் தெரிஞ்சுக்கிட்டதெல்லாம் போதும். நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. அன்னைக்கு அத்தனை நேரம் என்னதான் யோசிச்சீங்க?"

டீயைப் பார்த்தாரு. கீழ நிக்கற கார்களைப் பார்த்தாரு. நல்லவேளை வராந்தாவுல மின்விசிறி இல்ல. சரி, இன்னொரு பாஸ்தான் வரப் போகுதுன்னு நான் உள்ள போகத் திரும்பினேன். அப்ப சொன்னாரு, யாருக்கும் கேக்காத குரல்ல, எனக்கு மட்டும் கேக்கற குரல்ல.

"வேலையும் விட்டாச்சு. நீயும் இல்லாட்டி அந்த வீட்டுல எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு மணி. போகாதேன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா உன்னைத் தடுத்த மாதிரி ஆயிருமேன்னு..."

கண்ணு கலங்கி இருந்துச்சு. கல்யாணமான இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் எங்கிட்ட வெளிப்படையாச் சொன்ன முதல் பேச்சு. கோவம் எங்கயும் போகல, அதுவும் அங்கயேதான் நின்னுச்சு. அவரு கையில இருந்து ஒரு டீயை வாங்கிக்கிட்டேன்.

"இதை நீங்க வியாழக்கிழமை சொல்லியிருந்தா நான் வர்றேன்னு அவருகிட்ட சொல்லியிருக்க மாட்டேனுங்க" அப்படின்னேன்.